அறக்கட்டளை மருத்துவமனை அரசு மருத்துவத்துக்கு எவ்வழியில் துணைநிற்கலாம்: கொங்கு மண்டலத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கொங்கு நாட்டில் பஞ்சாலையிலும் விசைத்தறியிலும் பம்புசெட்டிலும் ஈட்டிய பணத்தின் ஒரு பங்கு பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் மாறுவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். பீளமேட்டில் 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறநிலையம் பின்னாளில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் கண்டது. பாப்பநாயக்கன்பாளையத்தில் 1952-இல் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை எழுந்தது. கண் மருத்துவத்தில் சங்கரா கோவையில் வேர்விட்டு வெளிமாநிலங்களுக்கும் பரவியது. மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை 1997-இல் அவினாசி சாலைக்கு வந்து சேர்ந்தது. இவை தனியார் கையில் இருந்தாலும் பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்காதவை. இத்தகைய மருத்துவமனை ஒன்றின் அறங்காவலர்கள், தங்கள் வாசலுக்கு வரும் நோயாளியைக் கவனிப்பதோடு நிற்காமல், மாவட்டத்தின் அரசு மருத்துவமே வலுப்பெற ஏதேனும் செய்யவேண்டும் என்று தீர்மானித்தால், அவர்கள் முன்னுள்ள வழிகள் யாவை, அவற்றுள் எது மேலானது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

முதலில் அளவை மனத்தில் கொள்வது நல்லது. தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றுப்படி (2017-18), இந்தியாவில் மகப்பேறு நீங்கலாக உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர்களுள் 42 விழுக்காட்டினர் அரசு மருத்துவமனைக்கும் 55 விழுக்காட்டினர் தனியார் மருத்துவமனைக்கும் சென்றனர். அறக்கட்டளை, தொண்டு நிறுவன மருத்துவமனைகளின் பங்கு 2.7 விழுக்காடு மட்டுமே. கோவை போன்ற நகரில் இப்பங்கு கூடுதலாக இருக்கக்கூடும் என்றாலும், அரசின் சுமையை இவை இறக்கி வைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. சிறிய கடப்பாரையால் பெரிய பாறையைப் புரட்ட வேண்டுமானால் எந்த இடுக்கில் கொடுத்து நெம்புவது என்பதுதான் கேள்வி.

ஆகவே வழிகளை ஒப்பிட ஒரே அளவுகோலை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். உடன்படிக்கை முடிந்து அறக்கட்டளை விலகிக்கொண்ட மறுநாள், அரசு மருத்துவமனையில் முன்பு இல்லாத எது மிஞ்சியிருக்கும்? எத்தனை பேர் பயன்பெற்றனர் என்பதும் எவ்வளவு செலவாயிற்று என்பதும் முக்கியமே. ஆயினும் அவை இரண்டும் ஆண்டறிக்கையில் எளிதாக அழகுபடுத்தக்கூடியவை. மிஞ்சுவதை அப்படி அழகுபடுத்த முடியாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அறக்கட்டளை என்ற பெயர்ப்பலகை மட்டுமே சேவைக்குச் சான்றாகாது. வருமான வரிச் சட்டப்படி அறநிறுவனம் தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அறநோக்கத்துக்குச் செலவிட்டால் வரிவிலக்குப் பெறலாம். புதிய ஸ்கேன் இயந்திரமும் குளிரூட்டிய தனியறைத் தொகுதியும்கூட அந்தச் செலவுக் கணக்கில் சேரும். எனவே இங்கே பேசப்படுவது எல்லா அறக்கட்டளைகளையும் பற்றியன்று. அரசு மருத்துவத்தோடு கைகோக்க உண்மையிலேயே விரும்பும் அறக்கட்டளைகளைப் பற்றி மட்டுமே.

காப்பீட்டு அட்டை வழி

இன்று பெரும்பாலான அறக்கட்டளை மருத்துவமனைகள் அரசோடு கொண்டிருக்கும் உறவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அமைந்ததே. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் புதிய வடிவம் பெற்று, 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இதில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. அவிநாசியிலோ ஓமலூரிலோ இருக்கும் ஒரு தறித் தொழிலாளி, வீட்டை அடகு வைக்காமல் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள முடிகிறதென்றால் அது இத்திட்டத்தால்தான். இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று.

ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. இத்திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சேர்ந்திருக்கின்றன. அவை செய்யும் சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது. அதில் ஒரு பகுதி சிகிச்சையளித்த குழுவினருக்கு ஊக்கத்தொகையாகவும் மீதி மருத்துவமனையின் மேம்பாட்டுக்கும் செல்கிறது. ஆகவே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செய்யக்கூடிய ஒரு சிகிச்சை சாலையின் மறுபக்கத்து அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போகும்போது, அரசு மருத்துவமனை அந்தத் தொகையை இழப்பதோடு, பட்டமேற்படிப்பு மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நோயாளியையும் இழக்கிறது. பல ஆண்டுகள் இப்படியே நடந்தால் ஒரு பக்கம் கைப்பழக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அறக்கட்டளை விலகிய மறுநாள் மிஞ்சுவது என்ன என்று கேட்டால், காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை என்றே பதில் வரும்.

இதனால் அறக்கட்டளைகள் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று பொருளாகாது. அரசு மருத்துவமனையில் அறவே இல்லாத, அல்லது நெடுநாள் காத்திருக்க வேண்டிய சிகிச்சைகளுக்கு மட்டும் முன்னிற்பதும், மற்றவற்றை அரசு மருத்துவமனைக்கே திருப்பி அனுப்புவதும் முடிந்த காரியங்களே. வருமானத்தை விட்டுக்கொடுத்து நோயாளியைத் திருப்பி அனுப்ப எத்தனை நிர்வாகங்கள் முன்வரும் என்பது வேறு கேள்வி.

காப்பீட்டின் உடன்பிறப்பாக, சட்டத்தால் கட்டாயப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தில் மும்பை உயர்நீதிமன்றம் 2006-இல் வகுத்த திட்டப்படி, பொது அறக்கட்டளை மருத்துவமனைகள் படுக்கைகளில் 10 விழுக்காட்டை வறியவர்களுக்கு இலவசமாகவும் இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். மொத்தக் கட்டண வருவாயில் 2 விழுக்காட்டை அதற்கென நிதியாக வைக்கவேண்டும். தில்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற மருத்துவமனைகளுக்கும் இத்தகைய கடமை உண்டு. கண்காணிக்க ஆளும் மனமும் இருந்தால் ஏழை நோயாளிக்கு இது உதவும். அரசு மருத்துவமனைக்கு இதனால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் இதை இத்தோடு விட்டுவிடலாம்.

கட்டடமும் இயந்திரமும்

கொங்கு மண்டலத்துக் கொடையாளர்களின் மனத்துக்கு மிகவும் உகந்த வழி இது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ரோட்டரி அமைப்பினர் முன்னின்று படுக்கை வசதியோடு கட்டடம் எழுப்பித் தந்ததை ஈரோட்டுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மக்கள் பங்குத்தொகையோடு அரசு நிதியும் சேர்வதால், ஒரு ரூபாய் கொடுத்தால் அதைவிடக் கூடுதலான மதிப்புள்ள வேலை நடக்கும் என்ற கணக்கும் வணிகம் அறிந்தவர்களுக்குப் பிடித்துப்போகிறது. கல்வெட்டில் தந்தை பெயரோ தாய் பெயரோ இருக்கும். நம் அளவுகோலின்படியும் முதற்பார்வைக்கு இதுவே முதல் மதிப்பெண் பெறவேண்டும். கொடுத்தவர் போனாலும் கட்டடம் நிற்குமல்லவா?

இன்றைய நிலையில் அந்த மதிப்பெண்ணைக் குறைக்கவே வேண்டியிருக்கிறது. சேலத்தில் 1986 முதலும் கரூரில் 2019 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர், நாமக்கல், நீலகிரி ஆகிய மூன்றும் இருந்தன. பெருந்துறையையும் கோவையையும் சேர்த்துக்கொண்டால் மண்டலத்தின் எந்த மாவட்டமும் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இல்லாமல் இல்லை. இடமும் சுவரும் இன்றைய முதல் பற்றாக்குறையாக இல்லை. அந்தச் சுவர்களுக்குள் இரவு இரண்டு மணிக்குச் செயற்கைச் சுவாசக் கருவியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த செவிலியரும், டயாலிசிஸ் இயந்திரத்தை ஓட்டும் தொழில்நுட்பரும், மயக்க மருந்து நிபுணரும் போதிய அளவில் இருக்கிறார்களா என்பதே இப்போதைய கவலை.

இயந்திரத்தின் கதை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்குவதற்கென 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மாவட்டந்தோறும் கிடங்கு வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளச் செய்த இந்த முறை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஒன்று. அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் 500 ரூபாய்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 2,500 ரூபாய்க்கும் எடுக்க முடிவது இக்கழகம் அவற்றை நடத்துவதால்தான். கொடையாளர் ஒருவர் தாம் விரும்பிய நிறுவனத்தின் ரத்தப் பரிசோதனை இயந்திரத்தை வாங்கித் தாலுகா மருத்துவமனையில் வைத்துவிட்டுப் போகும்போது, அது இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்கிறது. அந்த இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் வேதிப்பொருள் கழகத்தின் பட்டியலில் இருக்காது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க எந்தத் தலைப்பும் இருக்காது. பிறகு அது துணி போர்த்தப்பட்டு ஒரு மூலையில் நிற்கும். கொங்கு மண்டலத்தில் ஜவுளி இயந்திரத்தை வாங்கும் எந்த முதலாளியும் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்கமாட்டார். அதே மனிதர் மருத்துவமனைக்குக் கொடுக்கும்போது ஏன் அதைக் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

எனவே பொருள்தான் கொடுப்பது என்று முடிவாகிவிட்டால், கழகத்தின் பட்டியலில் உள்ள மாதிரியையே வாங்குவதும், சில ஆண்டுகளுக்கான பராமரிப்புத் தொகையை முன்கூட்டியே மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் செலுத்திவிடுவதும் தேவை. அதைவிடச் சிறந்த கொடை, அறக்கட்டளை மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருக்கும் உயிர்மருத்துவக் கருவிப் பொறியாளரை வாரத்தில் ஒரு நாள் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, பழுதாகி நிற்பவற்றுள் எதையெல்லாம் மீட்கலாம் என்று பார்க்கச் சொல்வது. கல்வெட்டு வைக்க முடியாது என்பதைத் தவிர இதில் குறை ஒன்றுமில்லை.

நிலையத்தையே ஏற்று நடத்துதல்

அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ தாலுகா மருத்துவமனையையோ தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுவது மூன்றாவது வழி. இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. தாளவாடிக்கு அப்பால் மாநில எல்லையைத் தாண்டினால் வரும் சாம்ராஜ்நகர் மாவட்டத்தில், யெலந்தூர் வட்டத்துக் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை மருத்துவர் எச். சுதர்சனின் கருணா டிரஸ்ட் 1996-இல் ஏற்று நடத்தத் தொடங்கியது. கட்டடம் அரசுடையது, செலவின் பெரும்பங்கு அரசுடையது, ஊழியர்களை நியமித்து நிர்வகிப்பது டிரஸ்ட். தொழுநோய், காசநோய், வலிப்புநோய் போன்றவற்றை ஆரம்ப நிலையத்திலேயே கவனிப்பதில் அந்த நிலையம் பெயர் பெற்றது. பின்னர் அருணாசலப் பிரதேசம் உட்பட வேறு மாநிலங்களிலும் டிரஸ்ட் நிலையங்களை ஏற்றது.

மருத்துவரே வராத, கதவே திறக்காத நிலையங்கள் உள்ள மாநிலத்தில் இது அருமருந்து. தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் நூறாண்டுகளாக இயங்குகிறது. மருத்துவர்களையும் செவிலியர்களையும் தேர்வு செய்யத் தனி வாரியம் இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன, அவற்றில் பெரும்பான்மை அரசு மருத்துவமனைகளில். இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தால், ஊழியர் சங்கங்களின் நியாயமான எதிர்ப்பையும் சம்பாதித்து, ஒப்பந்தம் முடியும்போது ஒப்பந்த ஊழியர்களும் போய்விட வெறும் கட்டடமே அரசின் கைக்குத் திரும்பும். மண்டலத்தின் சமவெளி மாவட்டங்களுக்கு இது வேண்டாத வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு நோய், ஒரு சங்கிலி

நான்காவது வழியைச் சற்று விரித்துப் பார்க்கவேண்டும். மருத்துவமனை முழுவதையும் தொடாமல், ஒரு குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் கிராமத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை ஒரு சங்கிலியை அமைத்து, அதன் சில கண்ணிகளை அரசும் சில கண்ணிகளை அறக்கட்டளையும் ஏற்பதே இது.

கொங்கு மண்டலம் நெடுநாளாக அறிந்த சான்று கண் மருத்துவம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம், அங்கிருந்து பேருந்தில் மருத்துவமனைக்குப் பயணம், அறுவை முடிந்து மறுபடியும் ஊர் வந்து சேர்தல் என்ற ஏற்பாட்டை அறியாத கிராமம் இங்கே அரிது. மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, அறுவை நிபுணர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர மற்றவற்றை அவர்களிடம் ஒப்படைத்தது. 1992-இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலையைப் பன்மடங்கு குறைத்தது. சங்கராவோ, கட்டணம் செலுத்தும் 20 விழுக்காட்டினரைக் கொண்டு 80 விழுக்காட்டினருக்கு இலவசச் சிகிச்சை என்ற கணக்கில் தன்னை நடத்திக்கொண்டது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் அறுவைக்கு இவ்வளவு என்று தொண்டு மருத்துவமனைகளுக்கு மானியம் தந்தது. கண்புரையால் பார்வை இழப்பது தவிர்க்க முடியாத விதி என்ற எண்ணம் இரண்டு தலைமுறைக்குள் மறைந்தது இவை அனைத்தும் சேர்ந்ததால்தான்.

அப்படியும் நம் அளவுகோல் இங்கே ஒரு குறையைக் காட்டுகிறது. கண்புரை அறுவைகளில் பெரும்பங்கைத் தொண்டு மருத்துவமனைகளே செய்ததால், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவுகள் அதே வேகத்தில் வளரவில்லை. நோய் குறைந்தது, மக்களுக்கு நன்மை. அரசின் கைவன்மை வளர்ந்ததா என்றால் ஓரளவுதான்.

இந்தக் குறையைத் தவிர்த்த சான்று மாரடைப்புச் சிகிச்சையில் கிடைக்கிறது. கோவை, சென்னை இதயநோய் மருத்துவர்களின் முன்முயற்சியில் உருவான ஸ்டெமி இந்தியா என்ற லாப நோக்கற்ற அமைப்பு, தமிழ்நாட்டில் நான்கு தொகுதிகளைத் தேர்ந்து 2012 முதல் 2014 வரை ஓர் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. ஆஞ்சியோகிராம் கூடம் உள்ள பெரிய மருத்துவமனை நடுவில் இருக்கும். சுற்றிலும் தாலுகா மருத்துவமனைகளும் சிறிய மருத்துவமனைகளும் இருக்கும். இடையில் 108 ஆம்புலன்ஸ் ஓடும். செலவை மாநிலக் காப்பீட்டுத் திட்டம் தாங்கும். நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சிறிய மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்து அனுப்பி, அடைப்பைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்தி, பிறகு ஆஞ்சியோகிராமுக்குப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது இதன் நடைமுறை. 2,420 நோயாளிகளைக் கொண்ட இவ்வாய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காடு, ஏற்பாட்டுக்குப் பின் 14.2 விழுக்காடு. மையமாக நின்ற மருத்துவமனைகளுள் லாப நோக்குடையவையும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டை வகுத்ததும் அளந்ததும் லாப நோக்கற்ற அமைப்பு என்பதே இங்கே கருதத்தக்கது.

இதில் எது மிஞ்சும் என்று பாருங்கள். தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ ராசிபுரத்திலோ இரவுப் பணியில் இருக்கும் அரசு மருத்துவர், இ.சி.ஜி.யில் மாரடைப்பை அடையாளம் கண்டு, தயங்காமல் மருந்தைச் செலுத்தக் கற்றுவிட்டால், நகரத்து மருத்துவமனை நாளைக்கே விலகிக்கொண்டாலும் அவருடைய கை மறக்காது. தொடக்கத்தில் நகரத்து நிபுணர் தொலைபேசியில் துணை இருந்தார், பிறகு தேவைப்படவில்லை. அறக்கட்டளைக்கு ஆன செலவோ சில நிபுணர்களின் நேரமும் ஒரு தொடர்பு ஏற்பாடும் மட்டுமே. கோடிக்கணக்கில் கட்டடம் கட்டித் தருவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

இதே வடிவத்தை வேறு நோய்களுக்கும் விரிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் வீட்டு வாசலிலேயே சர்க்கரை நோயாளிகள் கண்டறியப்பட்டு மாத்திரை பெறுகிறார்கள். அவர்களுடைய விழித்திரையைப் பார்ப்பவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் விழித்திரைப் படம் எடுக்க ஒரு செவிலியருக்குப் பயிற்சி கொடுத்து, படத்தைக் கண் மருத்துவமனையில் படித்துச் சொல்லும் ஏற்பாடு அரவிந்தும் சங்கராவும் இருக்கும் ஊரில் கடினமானதன்று. டயாலிசிஸில் அறக்கட்டளை இயந்திரத்தை வைத்து நடத்துவதைவிட, தாலுகா அரசு மருத்துவமனையின் தொழில்நுட்பர்களைத் தன்னிடம் அழைத்துப் பயிற்றுவித்து, நீர் சுத்திகரிப்பின் தரத்தை மாதந்தோறும் சோதித்துத் தருவது மேல். வாரத்தில் இரண்டு மூன்று முறை நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய நோயாளிக்கு, காங்கேயத்திலிருந்து கோவைக்குப் பேருந்து ஏறுவதே பாதி நோய்.

பயிற்சிக்கு ஏற்கெனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2020-இல் வந்த விதிப்படி மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றவேண்டும். தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் இது பொருந்தும். கடமைக்கு வந்து கையெழுத்திட்டுப் போகும் மூன்று மாதமாக இதைக் கழிக்கவும் முடியும். தொடர்ந்து ஒரே மருத்துவமனைக்கு ஒரே துறையினரை அனுப்பி, பேராசிரியரும் மாதம் ஒருமுறை உடன்சென்று, அங்குள்ள தொற்றுக் கட்டுப்பாட்டையோ பச்சிளங்குழந்தைப் பிரிவையோ மேம்படுத்தவும் முடியும். அறக்கட்டளை மருத்துவக் கல்லூரிகள் இதில் காட்டும் அக்கறையே அவற்றின் எண்ணத்தை வெளிப்படுத்திவிடும்.

மலையில் கணக்கே வேறு

இதுவரை சொன்ன அனைத்தும் சமவெளிக்கு. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. திம்பம் பாதையில் புலிகள் காப்பகத்தின் பொருட்டு இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. ஆம்புலன்சுக்கு விலக்கு இருந்தாலும் வேறு வண்டி கிடைக்காது. இத்தகைய இடத்துக்கு நியமிக்கப்படும் நிபுணர் எப்போது மாறுதல் கிடைக்கும் என்று நாள் எண்ணுவதைக் குற்றமாகச் சொல்வதும் எளிதன்று.

மலையில் நிலைத்து நின்றவை பெரும்பாலும் தொண்டு மருத்துவமனைகளே. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் 1958 முதல் இயங்குகிறது. கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்று வார்டுகளை நடத்துகிறார்கள்; பணியர், குறும்பர் போன்ற சமூகங்களில் காணப்படும் அரிவாள் உயிரணு நோய் என்ற பரம்பரை ரத்த நோயைத் தேடிக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கும் பணியில் இவ்விரண்டு அமைப்புகளுக்கும் நெடிய அனுபவம் உண்டு. மண்டலத்தின் வடகிழக்கு ஓரத்தில், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை அப்பகுதி மக்களையே நலப்பணியாளர்களாக்கி வளர்ந்தது.

இங்கே உதவி பாயவேண்டிய திசையே மாறுகிறது: அறக்கட்டளை அரசுக்குக் கொடுப்பதைவிட, அரசு அறக்கட்டளைக்குக் கொடுப்பதே அரசு மருத்துவத்தை வலுப்படுத்தும் வழி. ஆப்பிரிக்க நாடுகள் சில இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டன. தான்சானியாவில் அரசு மருத்துவமனை இல்லாத மாவட்டத்தில் திருச்சபை நடத்தும் மருத்துவமனையே மாவட்ட மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டு, அரசு நிதி பெறுகிறது. கானாவில் கிறித்தவ மருத்துவமனைகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஊழியர்களின் சம்பளத்தை அரசே தருகிறது; அங்கே அவை அரசு வலையமைப்பின் அங்கமாகவே எண்ணப்படுகின்றன. தமிழ்நாட்டில் இவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை சில மலைப்பகுதிகளுக்கு மட்டுமே உண்டு. அங்கே படுக்கைக்கு மானியம், மருத்துவப் பணிகள் கழகக் கிடங்கிலிருந்து மருந்து, காசநோய்க்கும் தடுப்பூசிக்கும் அரசுப் பதிவேட்டில் இடம், தேவைப்படும் மாதங்களில் ஒரு மகப்பேறு நிபுணர் என்று அரசு கொடுத்தால், அதே தொகையில் புதிய நிலையம் கட்டி ஆளில்லாமல் பூட்டி வைப்பதைவிடப் பயன் பெரிது.

மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு இங்கே பதில் சற்று வேறானது: அரசு மருத்துவமனையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம், ஆனால் மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழும் பயிற்சி பெற்ற பெண்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு முறையான செவிலியர் பட்டயமும் அரசுப் பணியில் சேரும் வாய்ப்பும் கிடைத்தால் அளவுகோல் முழுதாக நிறைவேறும்.

யார் எதைத் தேர்வது

கோவை, சேலம் போன்ற நகரங்களில் நிபுணர் பலம் உள்ள பெரிய அறக்கட்டளை மருத்துவமனைக்கு என் பரிந்துரை நோய்ச்சங்கிலியே. ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு தாலுகா மருத்துவமனைகளோடு தொடங்கி, ஆண்டுதோறும் எத்தனை நோயாளிகள் நகரத்துக்கு வராமலே சிகிச்சை பெற்றார்கள் என்பதை வெற்றியின் அளவாகக் கொள்ளவேண்டும். தன் மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை குறைவதை வெற்றி என்று கொள்ள அறங்காவலர் குழு தயாராக இருக்கிறதா என்பதை முதற்கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. கோபிசெட்டிபாளையம், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் உள்ள நடுத்தர மருத்துவமனைக்கு நிபுணர் வளம் குறைவு; அது கருவிப் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரின் பயிற்சி, ஆய்வகத் தரச் சோதனை ஆகியவற்றை ஏற்கலாம். மருத்துவமனை ஏதும் நடத்தாமல் பணம் மட்டும் உள்ள அறக்கட்டளை, புதுக் கட்டடத்தை விட்டு, ஏற்கெனவே உள்ளவற்றின் பராமரிப்பு நிதியை ஏற்பதும் மலை மருத்துவமனைகளின் செவிலியர் பயிற்சிக்குக் கொடுப்பதும் தகும்.

எந்த வழியாயினும் உடன்படிக்கையில் சில செய்திகள் எழுத்தில் இருக்கவேண்டும். இணை இயக்குநரோ மருத்துவக் கல்லூரி முதல்வரோ ஆர்வத்தோடு தொடங்கிவைத்த ஏற்பாடு, அவர் மாறுதலாகிப் போனதும் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டதால், உடன்படிக்கை துறையோடு இருக்கவேண்டும். தனி அலுவலரின் நல்லெண்ணத்தோடு இருத்தலாகாது. நோயாளியின் விவரம் அறக்கட்டளையின் கணினியில் மட்டும் தங்காமல் அரசின் பதிவேட்டில் ஏறவேண்டும். அரசு தரவேண்டிய தொகை தாமதமானால் சிறிய மலை மருத்துவமனை ஊழியருக்குச் சம்பளம் தர முடியாமல் திணறும் என்பதால், மூன்று மாதச் செலவாவது முன்பணமாக இருப்பது நலம். தொலைபேசியில் நகரத்து நிபுணர் சொன்னபடி மருந்து செலுத்தி விபரீதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இல்லாவிட்டால், எந்த இரவுப்பணி மருத்துவரும் ஊசியைத் தொடமாட்டார். மாரடைப்புச் சங்கிலி போன்ற ஏற்பாடுகள் நிற்பதும் விழுவதும் உடன்படிக்கையின் இந்த ஒரு பத்தியில்தான். அரசு மருத்துவர்களைத் திருத்த வந்தவர்கள் என்ற தோரணை அறக்கட்டளைத் தரப்பில் சிறிதளவு தென்பட்டாலும் ஒத்துழைப்பு கிடைக்காது. ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் புறநோயாளிகளின் எண்ணிக்கையைத் தனியார் நிபுணர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பது அதற்கு மாற்றாக அமையலாம். கடைசியாக, அறக்கட்டளையின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறையும், அதை அரசின் எந்தப் பணியிடம் ஏற்கும் என்ற அட்டவணை முதல் நாளிலேயே உடன்படிக்கையோடு இணைக்கப்படவேண்டும். அந்தப் பணியிடம் நிரப்பப்படாத ஆண்டில் அறக்கட்டளை தன் பங்கைக் குறைக்காமல் காத்திருக்கலாமா என்பதை அறங்காவலர்களும் மாவட்ட நிர்வாகமும் ஆண்டுதோறும் ஏப்ரலில் உட்கார்ந்து தீர்மானித்துக்கொள்ளலாம்.